இருநூறு இலைக்குச் சொதி

"எத்தனை இலைக்குச் சொல்லட்டும், தாயி?"

கோமதிநாயகம் கேட்டார்.

மடத்து அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஆற்றங்கரை மடத்துக்கு அவர் வரத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது. சாயங்காலம் வருவார். கல்தூணில் சாய்ந்து உட்காருவார். விளக்கு வைத்ததும் எழுந்து போவார். மற்றவர்கள் பிறவி, வினை, விடுதலை என்று எதையாவது கேட்பார்கள். அவர் ஒன்றும் கேட்டதில்லை. அம்மையும் என்ன குறை என்று விசாரித்ததில்லை.

அவரைவிட அவள் இருபது வயது இளையவள். அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஐந்து வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"என்ன விசேஷம், அண்ணாச்சி?"

"புது வீடு முடிஞ்சிட்டு. வார வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம். மத்தியானம் மாடியில சாப்பாடு. தவசுப்பிள்ளை எண்ணிக்கை கேட்டு உயிரை எடுக்கான்."

விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரை அந்தப் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்பார்கள். அவருக்குத் தலைக்கணக்கு கிடையாது. இலைக்கணக்குதான்.

"யாரெல்லாம் வாராக?"

"அதான் தெரியல."

"மனசுல ஒரு எண்ணிக்கை இருக்கும்லா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு இருநூறு. இல்லன்னா இருபது."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"நடுவுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல, தாயி."

அம்மை கீரைக் கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவரும் ஆயத் தொடங்கினார். அவருக்குக் கீரை ஆயத் தெரியாது. இலையும் காம்புமாக உருவிப் போட்டார்.

"இங்க மடத்துல எத்தனை பேருக்கு ஆக்குதீக?"

"பானைக்கு."

"ஆளு கூடிட்டா?"

"தண்ணி ஊத்துவோம். கஞ்சி."

"குறைஞ்சா?"

"தண்ணி ஊத்துவோம். பழையது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"என் வீட்டுல அப்படி முடியாதே, தாயி."

"முடியாது."

அவள் ஒத்துக்கொண்டது அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஏதாவது மறுத்துச் சொல்வாள் என்று நினைத்திருந்தார். அதன் பிறகுதான் சொன்னார்.

"மகளைக் கூப்பிட்டா அண்ணன் வரமாட்டாரு. அண்ணன் வரலன்னா சொந்தத்துல ஒரு பய வரமாட்டான். அவ வாசப்படி மிதிச்ச வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம்னு நேருக்கு நேரா சொல்லிட்டாரு."

மகள் பெயர் ஆவுடைச்செல்வி. ஒரே மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊரில் இருக்கிறாள். அது நடந்தும் ஐந்து வருஷம்தான் ஆகிறது.

"மகளுக்கு எத்தனை இலை?"

"ரெண்டு. இல்ல, மூணு. கைப்பிள்ளை ஒண்ணு இருக்காம். வீட்டுல சொன்னா."

"கைப்பிள்ளைக்கு இலை வேண்டாம்."

"அப்ப ரெண்டு."

"ரெண்டா, இருநூறான்னு என்கிட்டக் கேக்கீக."

"அது இல்ல, தாயி. தவசுப்பிள்ளைகிட்ட என்ன சொல்லன்னு கேக்கேன்."

அம்மை முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்படின்னா அது சமையல் சமாச்சாரம். எனக்குச் சமையல் தெரியாது."

அவள் மடியில் கீரை குவிந்திருந்தது.

*

புது வீட்டின் மாடி அறையில் பெயிண்ட் வாடை போகவில்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டுவிட்டு வடிவு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி.

"அம்மை என்ன சொன்னாக?"

"கீரை ஆயச் சொன்னா."

"நல்லது. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல ஒரு நாளாவது ஆய்ஞ்சீகளே."

அவர் மேலே நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார். ஓடவில்லை. இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

"நீ செல்விகிட்டப் பேசுதேல்லா. அப்பப்ப."

"பேசுதேன்."

"பால் காய்ச்சுதோம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"வரச் சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"நான் சொன்னா வரமாட்டா. அவ காத்துக் கிடக்கது என் வாய்க்கு இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அக்கரை ஊரின் தண்ணீர்த் தொட்டி தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. வீட்டுக்கு அடித்தளம் போட்ட அன்று இது தெரியாது. மாடி எழுந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அவர் அந்த ஜன்னல் பக்கம் அதிகம் வருவதில்லை.

"தானா வந்தா யாரு என்ன சொல்ல முடியும், வடிவு? பெத்த வீடுதான?"

"பெத்த வீட்டுக்குத் தானா வரலாம்தான்."

அவள் தரையில் ஒட்டியிருந்த சிமெண்டுத் துளியை நகத்தால் சுரண்டினாள்.

"வெளிய போன்னு சொன்ன வீட்டுக்கு எப்படி வருவா?"

*

மறுநாள் காலையில் தவசுப்பிள்ளை மந்திரமூர்த்தி மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, தேங்காய்க்குச் சொல்லணும். இலைக்குச் சொல்லணும். பரிமாற ஆளுக்குச் சொல்லணும். நீங்க என்னன்னா பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி பொறவு சொல்லுதேன், பொறவு சொல்லுதேன்னு இருக்கீக."

"இருநூறு."

கோமதிநாயகத்தின் வாய் சொல்லிவிட்டது. வேறு யாரோ சொன்னதை அவர் அருகில் நின்று கேட்டது போல இருந்தது.

"அப்ப இருநூத்திப் பத்துக்கு அரிசி போடுதேன்."

"பத்து எதுக்குவே?"

"கூப்பிடாதவன் வருவான்லா. எந்த வீட்டுலயும் அது உண்டு. நாங்களா சேத்துப் போட்டுக்கிடுவோம்."

கோமதிநாயகம் மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி ஒருத்தர் வந்தா?"

"வந்தா என்ன? இலையப் போட்டு உக்கார வைக்க வேண்டியதுதான். பந்தியில உக்காந்த ஆளை எழுப்ப எவனால முடியும்?"

அவர் முகம் தெளிந்தது. மந்திரமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. விரல்விட்டுக் கறிகளைச் சொல்லிக்கொண்டு போனார். அவியல், பொரியல், கூட்டு, அப்பளம், பாயாசம் ரெண்டு.

"குழம்பு சாம்பார்தான?"

"சொதி வையும்."

மந்திரமூர்த்தியின் விரல் மடங்காமல் நின்றது.

சொதி என்பது தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காயும் போட்டு வைக்கிற வெள்ளைக் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளையை உட்கார வைத்துப் பெண் வீட்டார் போடுகிற விருந்து அது. இப்போது ஓட்டலில்கூடக் கிடைக்கிறது. ஆனாலும் விசேஷ வீட்டில் சொதி என்றால் புது மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்றுதான் அந்த ஊரில் அர்த்தம்.

"பால் காய்ச்சுக்குச் சொதியா?"

"ஏன், ஆகாதா?"

"ஆகாதுன்னு யாரு சொன்னா? நான் எந்த வீட்டுலயும் வச்சதில்ல, அவ்வளவுதான். மாப்பிள்ளை யாருன்னு கேப்பாகளே."

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

"நல்லாச் சொல்லுவீக." மொபெட்டை உதைத்தார். "தேங்காய் ஒரு மடங்கு கூட ஆகும். பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

புகை அடங்கிய பிறகு பார்த்தால் வடிவு நிலைப்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இருநூறு பேருக்குச் சொதி."

அவர் மொபெட் போன திசையைப் பார்த்தார்.

"உரியவன் ஒருத்தன்தான்."

உள்ளே போய்விட்டாள்.

*

"சொல்லிட்டேன், தாயி. இருநூறு."

"சரி."

"பத்து கூட."

"அது யாருக்கு?"

"கூப்பிடாதவங்களுக்கு. எல்லா வீட்டுலயும் உண்டாம்."

அம்மை மடத்து முற்றத்தில் பழைய துணியைக் கிழித்துத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடாதவங்களுக்கு அரிசி உண்டு."

"உண்டு, தாயி."

"இலை உண்டு."

"உண்டு."

"சொதி உண்டு."

அவர் திடுக்கிட்டார். சொதி வைக்கப் போவதை அவர் மடத்தில் சொல்லவில்லை. தேங்காய்க் கடைக்காரன் சொல்லியிருப்பான். ஊர் அவ்வளவுதான்.

"எல்லாம் உண்டு. கூப்பிடத்தான் இல்ல."

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சை மாற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"நீங்க அவசியம் வரணும், தாயி. மொதப் பந்தியிலேயே உங்களுக்கு இலை."

"என்னையக் கூப்பிடுதீகளா?"

"பின்ன? அஞ்சு வருஷமா வாரேன். உங்களைக் கூப்பிடாம யாரைக் கூப்பிட?"

"அப்ப ஒரு இலை குறைச்சுக்கிடுங்க."

"ஏன், தாயி?"

"கூப்பிடாம இருந்திருந்தா வந்திருப்பேன்."

விளையாட்டாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தார். அவள் திரியை நாக்கில் நனைத்து முறுக்கினாள். சொன்னபடியே வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.

*

விடிவதற்கு முன்னால் பால் பொங்கியது. நிறைகுடம் எடுத்து வந்தது அண்ணன் சிவசைலத்தின் மருமகள். வீட்டு மகள் எடுக்க வேண்டிய குடம். வடிவு குடத்தைப் பார்க்காமல் அதிலிருந்து சிந்திய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பந்தியில் நடு இலை அண்ணனுக்கு.

சிவசைலம் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பருப்பு முடிந்தது. பரிமாறுகிறவன் வாளியோடு வந்து சோற்றில் குழம்பை ஊற்றினான். வெள்ளையாக விழுந்தது.

அண்ணனின் கை நின்றது.

"என்னடே கோமதி, சொதி வச்சிருக்கே!"

"ஆமாண்ணே."

"மாப்பிள்ளை எங்கடே?"

பந்தி முழுக்கச் சிரித்தது.

"வீட்டுக்கே மறுவீடு போல," என்றார் ஒருவர்.

"மச்சான் இந்த வயசுல புது மாப்பிள்ளை ஆயிட்டாரு. அக்காகிட்டக் கேளுங்க, ஆரத்தி எடுத்தாளா என்னன்னு," என்றார் இன்னொருவர்.

மறுபடியும் சிரிப்பு.

கேட்டால் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள். நூறு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரும் சிரித்தார்.

"சும்மா ஒரு ஆசைக்கு வச்சேன், அண்ணே."

"ஆசைதான்." சிவசைலம் பிசைந்து ஒரு வாய் போட்டார். கண்ணை மூடித் திறந்தார். "மந்திரம் கையே கைதான். இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துடே. இஞ்சிப் பச்சடி எங்க?"

கோமதிநாயகம் மாடிப்படி இறங்கி வாசலுக்கு வந்தார். தெரு வெறிச்சென்று இருந்தது.

இரண்டாவது பந்தி நடக்கும்போது ஒரு தடவை வந்து நின்றார். மூன்றாவது பந்திக்கு இலை போடும்போது ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. ஓடாத குறையாக இறங்கி வந்தார். வடிவின் தங்கையும் அவள் பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"என்ன அத்தான், வாசல்லயே காத்துக் கிடக்கீக! எங்க மேல அவ்வளவு பாசமா?"

"வா, வா. பந்தி போட்டாச்சு."

அவர்களை ஏற்றிவிட்டு மறுபடியும் தெருவைப் பார்த்தார். வாசல் பந்தலின் நிழல் சுவரோரம் போய்விட்டிருந்தது.

கடைசிப் பந்தியில் கொத்தனாரும் சித்தாள்களும் பெயிண்ட் அடித்தவர்களும் உட்கார்ந்தார்கள். அதுவும் முடிந்தது. மந்திரமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு குறையும் இல்ல, அண்ணாச்சி. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டு எந்திரிச்சாச்சு. கூடப் போட்ட பத்து இலைக்குத்தான் ஆளு வரல. சோறு வேலைக்காரங்க எடுத்துக்கிடுவாக. சொதிதான் ஒரு சட்டி கிடக்கு."

"இருக்கட்டும்."

"இருக்காது. தேங்காப்பால்லா? வெயிலு வேற. சட்டுபுட்டுன்னு யாருக்காவது குடுத்து விடுங்க. பொழுது சாஞ்சா வாயில வைக்க முடியாது."

கோமதிநாயகம் அடுப்படிக்குப் போனார். பெரிய தூக்குச்சட்டியைத் தேடி எடுத்தார். வடிவு அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். கழுவித் துடைத்து, சொதியை மொண்டு ஊற்றி, மூடி, மூடியின் மேல் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினாள்.

"நீயும் வாயேன்."

"நான் வரல."

"உன் மகதான வடிவு?"

"அதான் வரல. இதைத் தூக்கிட்டு அவ முன்னால போய் நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவருக்கு அது விளங்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை.

*

பஸ்ஸில் தூக்கு அவர் மடியில் இருந்தது. இன்னும் சூடு இருந்தது. பாலத்தில் ஏறும்போது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்து இறங்கினார். வீட்டை அவர் பார்த்ததில்லை. கடையில் கேட்டார். ஓட்டு வீடு. வாசலில் குழந்தையின் சின்னச் சட்டைகள் கொடியில் காய்ந்தன.

செல்விதான் கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவ்வளவுதான் அவரால் பார்க்க முடிந்தது.

"வாங்கப்பா."

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். உள்ளே திரும்பி, "இங்க பாருங்க, அப்பா வந்திருக்காக," என்றாள்.

மாப்பிள்ளை இசக்கித்துரை மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டே வந்தான். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். தோள் துண்டால் அதைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"உக்காருங்க மாமா. காப்பி போடட்டா? மோர் குடிக்கீகளா?"

"ஒண்ணும் வேண்டாம்." தூக்கை நீட்டினார். "இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

செல்வி குழந்தையைக் கணவன் தோளுக்கு மாற்றினாள். தூக்கை வாங்கி வைத்துத் துணியை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள்.

வாசனை அறை முழுக்க எழுந்தது.

அவள் உள்ளே பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொதி," என்றாள்.

"ஆமா, செல்வி."

"நம்ம வீட்டுலயா?"

"பால் காய்ச்சுக்கு. நான்தான் வைக்கச் சொன்னேன்." அவர் அவசரமாகச் சொன்னார். "சாம்பார்தான்னான் மந்திரம். நான்தான் சொதி வையும்னேன். உங்க அம்மைகிட்டக் கேளு."

"எத்தனை இலைப்பா?"

"இருநூறு."

"பெரியப்பா வந்தாகளா?"

"வந்தாரு."

"மொதப் பந்தியில உக்காந்தாகளா?"

"ம்."

"சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாரு. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

செல்வி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றினாள்.

"இது எத்தனாவது பந்திப்பா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சின்ன வயசில் கணக்குப் புரியாமல் அவரிடம் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

இசக்கித்துரைதான் பேசினான். "மாமா வெயில்ல தூக்கிட்டு வந்திருக்காக. நான் ஒரு கை போட்டுச் சாப்பிடுதேன். சொதின்னு நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, நான் பார்த்ததே இல்லையே."

"உங்களுக்குச் சோறு உள்ள இருக்கு."

"அது இருக்கட்டும், செல்வி. மாமா—"

"வேண்டாம்னா வேண்டாம்."

குழந்தை அசைந்தது. அவன் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டு பின்வாங்கினான்.

செல்வி மூடியை மூடினாள். வடிவு சுற்றியது போலவே துணியைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

"எனக்குன்னா நான் சாப்பிட்டிருவேன்பா. நீங்க குடுத்து எதைச் சாப்பிடாம இருந்திருக்கேன்?" தூக்கை அவர் கையில் வைத்துவிட்டுக் கணவன் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இது அவுகளுக்கு உள்ளதுல்லா?"

அவர் குழந்தையைப் பார்த்தார். ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்கவில்லை.

மாப்பிள்ளை தெருமுனை வரைக்கும் கூடவே வந்தான். தூக்கை நான் எடுத்து வருகிறேன் என்றான். அவர் கொடுக்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் அவன் அங்கேயே நின்றான்.

*

மடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள்.

கோமதிநாயகம் தூணில் சாயவில்லை. தூக்கை முன்னால் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தார். அம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஒரு இலையோடு வந்தாள். அவர் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"எனக்கு வேண்டாம், தாயி."

"காலையில இருந்து சாப்பிடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விசேஷ வீட்டுக்காரன் என்னைக்குச் சாப்பிட்டான்?"

சோறு போட்டாள். பிறகு தூக்கைத் தன் பக்கம் இழுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நாற்காலியை இரண்டு தடவை துடைத்ததைச் சொன்னார். கொடியில் காய்ந்த சட்டைகளைச் சொன்னார். எத்தனாவது பந்தி என்று மகள் கேட்டதைச் சொல்லும்போது நிறுத்திவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அம்மை காத்திருந்தாள். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. அதன் பிறகும் காத்திருந்தாள்.

அவர் துண்டை எடுத்தபோது அவள் மூடியைத் திறந்தாள்.

புளித்த வாடை வந்தது.

தேங்காய்ப் பால் தனியாகத் திரிந்து மேலே நின்றது. அம்மை கரண்டியை விட்டுக் கலக்கினாள். சேரவில்லை.

"கெட்டுப்போச்சு, தாயி," என்றார்.

"ஆமா."

கரண்டியில் மொண்டு இலைக்கு மேலே கொண்டுவந்தாள். ஊற்றவில்லை.

"எப்பக் கெட்டுச்சு, அண்ணாச்சி?"

வழியில் என்று சொல்ல வாயெடுத்தார்.

அண்ணன் இலையில் அது வெள்ளையாக விழுந்தது கண்ணில் வந்து நின்றது.

அம்மை கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள்.